ஆற்று மீனுக்கு ஏன் மூச்சு முட்டுகிறது?



இப்பகுதிக்கு வந்த கடிதங்களில் ஒன்று இரண்டு மூன்று நாளாக என் சட்டைப் பையிலேயே இருக்கிறது. பள்ளி நோட்டிலிருந்து கிழித்த இரண்டு தாள், பென்சில் எழுத்து. எழுதியவர் ஒரு தாய். ஊரும் பேரும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். அவருடைய கணவர் ஒரு செம்பனை ஆலையில் கழிவுநீர்க் குளங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்கிறார். இரண்டு மாதத்துக்கு முன் ஆலைக்குக் கீழே ஓடும் ஆற்றில் மீன் செத்து மிதந்ததாம். அன்று முதல், "உன் வீட்டுக்காரர்தான் ஆற்றில் விஷத்தைத் திறந்துவிடுகிறார்" என்று அக்கம்பக்கத்தார் பேசுகிறார்களாம். ஐந்தாம் ஆண்டில் படிக்கும் மகன் இதைப் பள்ளியில் கேட்டுவிட்டு அழுதுகொண்டே வீட்டுக்கு வந்திருக்கிறான். "சார், அது விஷம்தானா? விஷம் என்றால் இவரை அந்த வேலையை விட்டு நிற்கச் சொல்லிவிடுகிறேன்" என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

இதற்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் ஒரு வரியில் சொன்னால் அக்கம்பக்கத்தார் நம்பமாட்டார்கள். ஆகவே விளக்கமாகவே எழுதுகிறேன். ஆலை உள்ள தோட்டத்தில் இருக்கும் எல்லாரும் படியுங்கள்.

முதலில் என் கதை ஒன்று. எனக்குப் பத்து வயதிருக்கும். ஒரு நாள் விடியற்காலையில் அண்ணன் என்னைத் தட்டி எழுப்பி, "வாளியை எடுத்துக்கிட்டு வாடா, ஆத்துல மீன் சும்மா கிடக்குது" என்றான். ஓடினோம். லயத்துப் பிள்ளைகள் பாதிப் பேர் அங்கே இருந்தார்கள். லம்பாம் மீன்களும் சிறு கெண்டைகளும் தண்ணீருக்கு மேலே வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. கையாலேயே அள்ளினோம். தண்ணீர் கறுப்புக் காப்பிபோல் இருந்தது, புளித்த நாற்றம். வாளி நிறையக் கொண்டுவந்ததைப் பார்த்த அம்மா, ஒன்றையும் சமைக்க விடாமல் வாழை மரத்தடியில் குழி வெட்டிப் புதைக்கச் சொன்னார். "விஷம் தின்ன மீன்" என்றார். அம்மா செய்தது சரி. செத்துக் கிடக்கும் மீனை யாரும் சமைக்கக் கூடாது. ஆனால் அம்மா சொன்ன காரணம் சரியா?

அன்று அண்ணன் ஒன்றைக் கவனித்தான். "விராலும் கெளுத்தியும் மட்டும் சாகலைடா" என்றான். எனக்கு அப்போது விளங்கவில்லை. பிற்பாடு ஆசிரியர் பயிற்சியில் அறிவியல் பாடம் படித்தபோதுதான் விளங்கியது. விராலும் கெளுத்தியும் தண்ணீருக்கு மேலே வந்து காற்றை நேரடியாகச் சுவாசிக்கக் கூடியவை. லம்பாமுக்கு அந்த வசதி இல்லை. அது தண்ணீரில் கரைந்திருக்கும் பிராணவாயுவை, இப்போது நாம் உயிர்வளி என்று பாடம் நடத்துகிறோமே அதை, செவுள் வழியாக எடுத்தே பிழைக்க வேண்டும். விஷம் கலந்திருந்தால் விராலும் அல்லவா செத்திருக்கும்? விரால் பிழைத்து லம்பாம் செத்ததென்றால், அந்த ஆற்றில் மூச்சுக் காற்று தீர்ந்துபோயிருக்கிறது என்று அர்த்தம்.

உயிர்வளியைத் தீர்த்தது யார்? இங்கேதான் நம் மக்கள் பலரும் தவறாக நினைக்கிறார்கள். செம்பனை ஆலையின் கழிவுநீரில் விஷ மருந்து எதையும் ஊற்றுவதில்லை. குலைகளை நீராவியில் அவிக்கிறார்கள், பழத்தைப் பிழிகிறார்கள், எண்ணெயைத் தண்ணீர் விட்டுப் பிரிக்கிறார்கள். இவ்வளவுதான். மிஞ்சுவது வெந்நீர், நார்த்தூள், கொஞ்சம் எண்ணெய், பழத்தின் சாறு. அடுப்படியில் நாம் கொட்டும் கஞ்சித் தண்ணீருக்கும் பாத்திரம் கழுவிய எண்ணெய்த் தண்ணீருக்கும் பெரிய அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். உயிருள்ள மரத்திலிருந்து வந்த பொருள் என்பதால் இதைக் கரிமக் கழிவு என்பார்கள். இது நுண்ணுயிர்களுக்குச் சாப்பாடு. ஆற்றில் இந்தச் சாப்பாட்டைக் கொட்டினால் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் பந்திக்கு உட்கார்ந்துவிடும். தின்னும்போது அவையும் மூச்சு விடுகின்றன. மீனுக்கென்று இருந்த உயிர்வளி முழுவதையும் அவை வாங்கிக்கொள்கின்றன. இரவில் பாசிகளும் உயிர்வளியைத்தான் எடுத்துக்கொள்ளும். அதனால்தான் இந்தச் சாவு பெரும்பாலும் விடியற்காலையில் நடக்கிறது.

ஒரு கழிவுநீர் எவ்வளவு உயிர்வளியைத் தின்னும் என்பதற்கு ஓர் அளவு இருக்கிறது. ஆலையில் வேலை செய்பவர்கள் 'பி.ஓ.டி.' என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். வீட்டுச் சாக்கடைக்கு அது லிட்டருக்கு 200, 300 மில்லிகிராம் இருக்கும். ஆலையிலிருந்து புதிதாக வெளிவரும் கழிவுநீருக்கு ஏறக்குறைய 25,000. நம் ஊர் வெப்பத்தில் ஒரு லிட்டர் நல்ல ஆற்று நீரில் சுமார் 7.5 மில்லிகிராம் உயிர்வளிதான் கரைந்திருக்கும். உங்கள் பிள்ளையைக் கூப்பிட்டு 25,000-ஐ 7.5-ஆல் வகுக்கச் சொல்லுங்கள். 3,333 வரும். அதாவது ஒரு லிட்டர் பச்சைக் கழிவுநீர், மூவாயிரம் லிட்டருக்கும் மேற்பட்ட ஆற்று நீரின் மூச்சை நிறுத்திவிடும். இதுவோ லிட்டர் கணக்கில் வருவதில்லை. ஒரு டன் எண்ணெய் எடுக்க 5 முதல் 7 டன் வரை தண்ணீர் செலவாகிறது. அதில் பாதிக்கு மேல் கழிவுநீராகவே வெளிவருகிறது.

கணக்கு பிடிக்காதவர்கள் வீட்டில் ஒரு சோதனை செய்யலாம். மீன் தொட்டிக்கு ஊற்றும் மெத்திலீன் நீல மருந்து, மீன் கடையில் சின்னப் புட்டியில் கிடைக்கும். இரண்டு போத்தல்களில் கிணற்று நீரோ மழை நீரோ எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகைத் தோட்டத்து மண் போடுங்கள். ஒன்றில் மட்டும் நாலைந்து கரண்டி கஞ்சி சேருங்கள். இரண்டிலும் நீலம் தெரியும்வரை சில சொட்டு மருந்து விட்டு, காற்று நிற்க இடமில்லாமல் விளிம்புவரை நிரப்பி, இறுக மூடி வையுங்கள். கஞ்சிப் போத்தலில் ஓரிரு நாளில் நீலம் வெளுத்துப்போகும். உயிர்வளி தீர்ந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். மற்றப் போத்தல் நீலமாகவே நிற்கும். (மருந்து கையில் பட்டால் கறை போக நாளாகும். சீருடையில் பட்டால் அம்மாவிடம் நீங்களே பதில் சொல்லிக்கொள்ளுங்கள்.)

ஆற்றில் நடக்கும் இதே பந்தியை, ஆற்றுக்கு வருமுன் நம் வசதிக்கு ஓர் இடத்தில் நடத்தி முடித்துவிட்டால் என்ன? அந்த இடம்தான் ஆலைக்குப் பின்னால் வரிசையாகக் கிடக்கும் குளங்கள். கடிதம் எழுதிய அம்மாவின் கணவர் காப்பது அந்தப் பந்தியைத்தான்.

நம் நாட்டில் செம்பனையை வியாபாரத்துக்காக முதலில் நட்டது 1917-இல், கோலசிலாங்கூருக்குப் பக்கத்தில் உள்ள தென்னமாரம் தோட்டத்தில். அதற்குப் பிறகு வெகு காலம் ஆலைத் தண்ணீர் நேரே ஆற்றுக்குத்தான் போயிற்று. கித்தா மரங்களை வெட்டிவிட்டு எங்கும் செம்பனை நட ஆரம்பித்த பிறகு ஆறுகள் தாங்கவில்லை. 1974-இல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் வந்தது. 1977-இல் செம்பனை எண்ணெய் ஆலைகளுக்கென்றே தனி விதி எழுதினார்கள். அந்த விதியை எழுதியவர்கள் கெட்டிக்காரர்கள் என்பேன். ஒரே நாளில் சுத்தமாக்கு என்று சொல்லவில்லை. 1978-இல் 5,000-க்கு இறக்கு என்றார்கள். அடுத்த ஆண்டு 2,000, அதற்கடுத்த ஆண்டு 1,000, பிறகு 500, 250 என்று படிப்படியாக இறக்கி, 1984-இல் 100-க்குக் கொண்டுவந்தார்கள். 25,000 எங்கே, 100 எங்கே! சில முக்கியமான ஆற்றுப் பகுதிகளில் இப்போது 20-க்கு மேல் கூடாது என்றும் நிபந்தனை இருக்கிறது. அந்த ஆறேழு ஆண்டுகளில் நாடு முழுவதும் வெட்டப்பட்ட குளங்களில் நம் பெரியவர்களின் மண்வெட்டியும் கொஞ்சம் பட்டிருக்கும்.

இனி குளத்துக்குள் போவோம். எண்பது தொண்ணூறு டிகிரி சூட்டில், புளிப்பாக, பழுப்பாக வருகிறது தண்ணீர். முதலில் எண்ணெய்த் தொட்டியில் நிற்க வைத்து, மேலே மிதக்கும் எண்ணெயை வழித்தெடுக்கிறார்கள். பிறகு ஆற விடுகிறார்கள். சூடாக விட்டால் பந்திக்கு வர வேண்டியவர்களே வெந்துபோவார்கள் அல்லவா?

அடுத்து ஆழக் குளங்கள். ஐந்தாறு மீட்டர் ஆழம் இருக்கும். இவற்றுக்குள் காற்று போகாது. காற்று வேண்டாத நுண்ணுயிர்கள் இங்கே இரண்டு கூட்டமாக வேலை செய்கின்றன. முதல் கூட்டம் அவசரக்காரக் கூட்டம். கொழுப்பையும் மாவையும் சட்டென்று உடைத்துப் புளிப்பாக்கிவிடும். இரண்டாவது கூட்டம் நிதானக்காரக் கூட்டம். அந்தப் புளிப்பைத் தின்று வாயுவாக மாற்றும். அந்த வாயுதான் குமிழ் குமிழாக மேலே வருகிறது. சிக்கல் என்னவென்றால், புளிப்பு அளவுக்கு மிஞ்சினால் இரண்டாவது கூட்டம் படுத்துவிடும். பிறகு புளிப்பைத் தின்ன ஆளில்லை. மேலும் புளிக்கும். குமிழ் நின்றுவிடும், நாற்றம் காடியாக மாறும். குளம் கெட்டுவிட்டது என்று அர்த்தம்.

இதற்கு மருந்து என்ன தெரியுமா? பாலுக்கு உறை ஊற்றுகிறோமே, அதே வேலைதான். நன்றாக வேலை செய்யும் பின்குளத்திலிருந்து சேற்று நீரைக் கொஞ்சம் பம்ப் வைத்து முன்குளத்துக்குத் திருப்பி அனுப்புகிறார்கள். உறைக்கு உறையும் ஆயிற்று, புளிப்பும் தணியும். எத்தனை நாளைக்கு எவ்வளவு திருப்பி விடுவது என்பது குளத்தைத் தினமும் பார்க்கும் ஆளுக்குத்தான் கைவரும். பட்டம் வாங்கிய அதிகாரிகூடக் குளத்துக்காரரைக் கூப்பிட்டு, "இன்னைக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டுத்தான் ஆக வேண்டும். ஊரார் விஷக்காரர் என்று பேசும் மனிதர் செய்வது இந்த வேலை.

கடைசியாக ஆழம் குறைந்த குளங்கள். இங்கே பாசியும் காற்றும் சேர்ந்து மிச்சத்தைத் தீர்க்கின்றன. சில ஆலைகளில் காற்றடிக்கும் இயந்திரமும் வைத்திருக்கிறார்கள். எல்லாக் குளத்தையும் தாண்டி வர வாரங்கள் ஆகும். இரண்டு மூன்று மாதம்கூட ஆகும். அப்படி வரும் தண்ணீர் கண்ணாடிபோல் இருக்குமா என்றால், இருக்காது. தேநீர் நிறமாகத்தான் இருக்கும். நார்ப் பொருளின் சாயத்தை நுண்ணுயிர்களால் எளிதில் தின்ன முடியாது. ஆகவே நிறத்தை மட்டும் பார்த்து, கெட்ட தண்ணீர் என்று முடிவு கட்டக் கூடாது. புளித்த நாற்றம், எண்ணெய்ப் படலம், வாய் பிளக்கும் மீன், இவைதாம் உண்மையான அடையாளங்கள்.

அப்படியானால் அந்த அம்மாவின் ஊரில் மீன் ஏன் செத்தது? நான் அங்கே போய்ப் பார்க்கவில்லை. ஆனால் கடிதத்தின் இரண்டாவது தாளில் ஒரு வாக்கியம் இருக்கிறது. "மூணாவது குளத்துல குமிழே வரலை, சேறு நெஞ்சு மட்டும் ஏறிடுச்சு, வெட்டணும்னு இவர் சொல்லிக்கிட்டே இருக்கார், சீசன் முடியட்டும்னு மேல சொல்றாங்களாம்" என்று எழுதியிருக்கிறார். எனக்கு இது போதும்.

தின்று முடித்த நுண்ணுயிர்களும் நார்த்தூளும் குளத்தின் அடியில் சேறாகப் படியும். வெட்டி எடுக்காவிட்டால் சேறு ஏறிக்கொண்டே வரும். ஒரு குளத்தில் தண்ணீர் 60 நாள் நிற்க வேண்டும் என்று கணக்குப் போட்டு வெட்டியிருப்பார்கள். பாதிக் குளத்தைச் சேறு பிடித்துக்கொண்டால் தண்ணீர் நிற்கும் நாள் 30 ஆகிவிடும். பந்தி பாதியில் இருக்கும்போதே இலையை எடுத்துவிட்டால் எப்படி? மிச்சச் சாப்பாடு ஆற்றுக்குப் போகிறது. அதிலும் குலை அதிகமாக விழும் மாதங்களில் ஆலை இரவு பகலாக ஓடும். கழிவுநீரும் அதற்கேற்பப் பெருகும். அதோடு ஆண்டுக் கடைசியில் அடைமழை பிடித்தால் குளங்கள் கரையைத் தொடும். "சீசன் முடியட்டும்" என்பது சரியான காலத்தைத் தவறவிடும் பேச்சு. சேற்றைச் சீசனுக்கு முன்னால் வெட்ட வேண்டும். வெட்டிய சேறு வீணாகப் போவதில்லை. தழைச்சத்தும் சாம்பல்சத்தும் உள்ள நல்ல உரம். செம்பனை நிரைகளுக்கே போடலாம். செலவாகிறது என்று கணக்குப் பார்ப்பவர்கள் உர மூட்டையின் விலையையும் பக்கத்தில் எழுதிப் பார்க்கட்டும்.

வாயுவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒரு டன் கழிவுநீரிலிருந்து ஏறக்குறைய 28 கன மீட்டர் வாயு கிடைக்கும். அதில் ஐந்தில் மூன்று பங்குக்குமேல் மீத்தேன். எரித்தால் மின்சாரம் எடுக்கலாம். சும்மா விட்டால் வானத்தைச் சூடேற்றும் வாயு. 2014-ஆம் ஆண்டு தொடக்கத்திலிருந்து, புதிதாகக் கட்டும் ஆலைகளும் பெரிதாக்கப்படும் ஆலைகளும் இந்த வாயுவைப் பிடிக்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்று விதி வந்தது. குளத்தின்மேல் கறுப்புப் பாய் போர்த்தி அது பூரிபோல் உப்பியிருப்பதைச் சில தோட்டங்களில் பார்த்திருப்பீர்கள்.

ஆனால் அந்த வாயுவோடு அழுகிய முட்டை நாற்றமடிக்கும் இன்னொரு வாயுவும் கொஞ்சம் வருகிறது. ஹைட்ரஜன் சல்ஃபைடு என்பது அதன் பெயர். இதுதான் உண்மையில் விஷம். கொஞ்சமாக இருக்கும்போது நாறும். அதிகமாகிவிட்டால் மூக்கே மரத்துப்போய் நாற்றம் தெரியாது. 'நாற்றம் நின்றுவிட்டது, இறங்கலாம்' என்று தொட்டிக்குள் இறங்கிய ஆள் மேலே வருவதில்லை. காப்பாற்றப் பின்னால் குதிப்பவரும் வருவதில்லை. தொட்டியிலும் மூடிய குழியிலும் வாயு அளந்து பார்க்காமல், அனுமதிச் சீட்டு இல்லாமல் இறங்கச் சொன்னால், சொல்பவர் எவராக இருந்தாலும் இறங்காதீர்கள். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டாலும் நீங்கள் குதிக்காதீர்கள். 999-க்குச் சொல்லி, மூச்சுக் கருவியோடு வருபவர்களை வரவழையுங்கள்.

பிள்ளைகளைப் பெற்றவர்களே, இன்னொன்று. ஆழக் குளங்களின்மேல் எண்ணெயும் நாரும் சேர்ந்து ஆடை கட்டும். வெயிலில் காய்ந்து அதன்மேல் புல்லும் முளைத்துவிடும். பார்த்தால் தரைபோலவே இருக்கும். பந்து அதன்மேல் போய் விழுந்தால் பிள்ளை யோசிக்காமல் ஓடும். அடியில் ஐந்தாறு மீட்டர் சேறும் தண்ணீரும். வேலி பிய்ந்திருந்தால் இன்றே ஆலையில் சொல்லுங்கள். பந்து போனால் போகட்டும். வேறு வாங்கிக்கொள்ளலாம் என்று பிள்ளைக்கு இப்போதே சொல்லி வையுங்கள்.

எல்லாக் கழிவையும் குளத்து நுண்ணுயிர்கள் தின்றுவிடும் என்றும் எண்ணிவிடாதீர்கள். தொழிற்சாலைக் கரைப்பான், டீசல், பூச்சி மருந்து போன்றவற்றில் பல அவற்றுக்கு வாய்க்கு ஒவ்வாதவை. 2020 செப்டம்பரில் சிலாங்கூர் ஆற்றில் நாற்றக் கழிவு கலந்து நான்கு குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களை மூட வேண்டியதாயிற்று. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கணக்குகளுக்குக் குழாய் நின்றது. அன்று வாளி தூக்கியவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அப்படிப்பட்ட நாற்றத்தை நீக்க ஊக்கப்படுத்திய கரியைப் பயன்படுத்துவார்கள். தேங்காய்ச் சிரட்டையிலும் செம்பனைக் கொட்டையின் ஓட்டிலும்கூட அந்தக் கரியைச் செய்கிறார்கள். ஆனால் எதற்கும் ஓர் அளவு உண்டு. மருந்தடிக்கும் சகோதரிகள் தோம்பை ஓடையில் கழுவ வேண்டாம் என்று நான் வாய் ஓயாமல் சொல்வது இதற்காகத்தான். கஞ்சித் தண்ணீரை ஆறு ஒரு நாள் செரித்துக்கொள்ளும். களைக்கொல்லி அப்படியல்ல.

இப்போது கடிதம் எழுதிய அம்மாவுக்கு. உங்கள் கணவர் விஷம் திறந்துவிடும் ஆள் அல்லர். அந்த ஆலையில் ஆற்றுக்கும் மீனுக்கும் காவல் நிற்பவர் அவர் ஒருவர்தான். அவரை வேலையை விட்டு நிற்கச் சொல்லாதீர்கள். குளத்தை அறிந்தவர் போய்விட்டால் வரும் புது ஆளுக்குக் குமிழ் நின்றதே தெரியாது.

ஆனால் வாயால் சொன்னது காற்றோடு போய்விடும். ஒரு மூங்கில் கழியில் அளவு குறித்துக்கொண்டு, கரையில் நின்றபடியே, கூட ஒருவரை வைத்துக்கொண்டு, வாரம் ஒருமுறை சேறு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்து, தேதி போட்டு எழுதச் சொல்லுங்கள். எந்தக் குளத்தில் குமிழ் வருகிறது, எதில் வரவில்லை, நாற்றம் எப்படி, அன்று மழை உண்டா, எல்லாம் எழுதட்டும். மேலே யாரிடம் எந்த நாளில் சொன்னார் என்பதையும் எழுதட்டும். நாளைக்குச் சுற்றுச்சூழல் இலாகாவிலிருந்து, அதுதான் ஜாபாத்தான் ஆலாம் செகித்தார், ஆள் வந்து ஏன் என்று கேட்டால் அந்த நோட்டுத்தான் அவருக்காகப் பேசும். ஊர்க்காரர்களுக்கும் சொல்கிறேன்: மீன் செத்தால் அவர் வீட்டு வாசலில் போய்க் கத்துவதை விட்டுவிட்டு, இடத்தையும் நேரத்தையும் குறித்து, படம் எடுத்து, அதே இலாகாவுக்குத் தெரிவியுங்கள். அது அவருக்கும் உதவி.

உங்கள் மகனுக்கு நீல மருந்து ஒரு புட்டி தபாலில் அனுப்பியிருக்கிறேன். சோதனையை அவன் வகுப்பிலேயே செய்து காட்டட்டும். அவனுடைய ஆசிரியரிடம் நானும் பேசிவிட்டேன். கணவர் நோட்டு எழுதத் தொடங்கினாரா, மூன்றாவது குளத்துச் சேற்றை வெட்டினார்களா என்று அடுத்த மாதம் எனக்கு எழுதுங்கள். பென்சிலில் எழுதினாலும் பரவாயில்லை.